லைட் எரிகிறது, பிளக் பாயிண்ட் செத்துவிட்டது: டிரெய்லர் கேரவனில் கரண்ட் எங்கே தொலைகிறது?

அழகர்கோவில் பக்கம் மாமா தோப்பில் டிரெய்லர் கேரவனை நிறுத்தி, மோட்டார் ரூமிலிருந்து 40 மீட்டர் வயர் இழுத்து கனெக்‌ஷன் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு ஏசியும் எல்லா பிளக் பாயிண்டும் நின்றுவிட்டன. லைட்டும் சின்ன ஃபேனும் மட்டும் ஓடின. எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) எதுவும் விழவில்லை, பிளக்கில் டெஸ்டர் வைத்தால் எரிந்தது. விடிகாலையில் கரண்ட் தானாக வந்து மதியம் மறுபடி போனது. இரண்டாம் ராத்திரி லைட்டும் மங்கி அணைந்துவிட்டது. பேட்டரியும் சார்ஜரும் போய்விட்டன, இரண்டையும் மாற்றுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார், மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில், ஆர்சிசிபி (கரண்ட் தரைக்கு ஒழுகினால் உடனே வெட்டுகிற பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி விழுந்ததால் உள்ளூர் எலக்ட்ரீஷியன் அதை விலக்கிவிட்டு லைனை ‘டைரக்ட்’ பண்ணிவிட்டார் என்றும் ஒரு வரி இருக்கிறது. பேட்டரி மாற்றலாமா என்பதற்கு முன்னால் தெரிய வேண்டியது வேறு: இது ஒரு கோளாறா, இரண்டா? வண்டிக்குள்ளா, வண்டிக்கு வெளியிலா?

நான் புதூர் ஐடிஐயில் ஒயர்மேன் முடித்தவன். 26 வருடமாக மதுரையைச் சுற்றி வயரிங் வேலை பார்க்கிறேன். கடைசி எட்டு வருடமாக உணவு வண்டி, மருத்துவ முகாம் வண்டி, இப்படிப்பட்ட டிரெய்லர் என்று சக்கரத்தின் மேல் நிற்கும் வயரிங்தான் அதிகம். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன். காசு செலவழிக்கும் முன்பு பேட்டரி கடைக்குப் போக வேண்டாம், மீட்டரோடு மோட்டார் ரூமுக்குப் போங்கள் என்பதுதான் என் பதில்.

காரணம் இதுதான். உங்கள் வண்டியில் இரண்டு தனித்தனி மின்சாரம் ஓடுகிறது. ஒன்று வெளியிலிருந்து வயரில் வருகிற 230 வோல்ட். ஏசி, கீசர், பிளக் பாயிண்ட் எல்லாம் அதில். இன்னொன்று பேட்டரியின் 12 வோல்ட். லைட், சின்ன ஃபேன், தண்ணீர் பம்ப் அதில். இரண்டையும் இணைப்பது சார்ஜர் ஒன்றுதான். அது 230-ஐ வாங்கி பேட்டரிக்கு ஊட்டுகிறது. முதல் ராத்திரி பிளக் எல்லாம் செத்து லைட் மட்டும் எரிந்தது என்றால் போனது 230 வோல்ட் பக்கம். இதில் சந்தேகமே இல்லை. 230 போனதும் சார்ஜருக்குத் தீனி நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க லைட்டும் ஃபேனும் பேட்டரியைக் குடித்தன, காலையில் கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறியது, மதியம் மறுபடி நின்றது, இரண்டாம் ராத்திரி பேட்டரி தரை தட்டிவிட்டது. லைட் மங்கியது தனிக் கோளாறு இல்லை, முதல் கோளாறு பெற்ற பிள்ளை. பேட்டரி கெட்டுப்போயும் இருக்கலாம், ஆனால் நீங்கள் சொன்னதில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அடுத்தது டெஸ்டர். நம்ம ஊரில் டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். பாதி பேர் அதோடு சோதனையை முடித்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கிற நியான் பல்பு ஒளிர மிகமிகச் சின்ன கரண்ட் போதும். பேஸ் வயர் (கரண்ட் வருகிற வயர்) ஒரு நூல் அளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும், வோல்டேஜ் பாதிக்கு இறங்கியிருந்தாலும் அது எரியும். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) அறுந்திருந்தாலும் எரியும். நியூட்ரல் அறுந்த வீட்டில் ஏதாவது ஒரு சாமான் ஆன் நிலையில் இருந்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலுமே டெஸ்டர் எரியும். பேஸ் அந்தச் சாமான் வழியாகச் சுற்றிக்கொண்டு நியூட்ரல் வயருக்கு வந்து நிற்கிறது. அடுத்த முறை கரண்ட் போகும்போது இதை மட்டும் பாருங்கள்: ஒரு ஓட்டையில் எரிகிறதா, இரண்டிலுமா? இரண்டிலும் எரிந்தால் நியூட்ரல் எங்கேயோ விட்டிருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவே செய்யலாம்.

என் ஊகம் என்ன என்று கேட்டால், மோட்டார் ரூமுக்கும் உங்கள் வண்டியின் இன்லெட்டுக்கும் (வயர் வண்டிக்குள் நுழைகிற இடம்) நடுவில் ஒரு ஜாயிண்ட் லூசாக இருக்கிறது, அனேகமாக நியூட்ரலில். விடிகாலையில் தானாக வந்தது என்பதுதான் எனக்குத் துப்பு. லோடு ஏறினால் லூசான ஜாயிண்ட் சூடாகும், விரியும், கருகும், விட்டுவிடும். ராத்திரிக் குளிர்ச்சியில் சுருங்கி மறுபடி தொட்டுக்கொள்ளும். ஆனால் தோப்புக்கு வருகிற லைனிலேயே அந்த நேரத்தில் வோல்டேஜ் படுத்திருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். உங்கள் மெயினில் வோல்டேஜ் காட்டுகிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால், வோல்டேஜ் குறையும்போது தானே கட் செய்து, ஏறினதும் தானே ஆன் செய்யும். எம்சிபி விழாமல் எல்லா பிளக்கும் சாக அதுவும் ஒரு காரணம். இந்த இரண்டில் எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. மீட்டர் சொல்லும்.

மீட்டர் வைக்கிறதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. லோடு இல்லாமல் அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பாதி கருகிப்போன ஜாயிண்ட் கூட சும்மா இருக்கும்போது 230 காட்டும். அதனால் ஒரு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை வண்டிக்குள் பிளக்கில் மாட்டி ஓடவிடுங்கள். ஏசியை வைத்துச் சோதிக்காதீர்கள், வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் பாடுபடும். இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. அது நாலு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். அது ஓடும்போதே மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: மோட்டார் ரூமில் நீங்கள் கனெக்‌ஷன் எடுத்த இடம், வயர் வண்டிக்குள் நுழைகிற இன்லெட், கடைசியாக வண்டிக்குள் இருக்கிற பிளக். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் வோல்ட் காணாமல் போகிறதோ, கோளாறு அங்கே. மோட்டார் ரூமிலேயே 180 என்றால் உங்கள் வண்டி நிரபராதி. அங்கே 225, இன்லெட்டில் 190 என்றால் வயரும் அதன் இரண்டு முனையும். இன்லெட்டில் நன்றாக இருந்து பிளக்கில் இல்லை என்றால்தான் வண்டிக்குள் கையை விட வேண்டும். காய்ந்த தரையில், ரப்பர் செருப்போடு, மீட்டர் முள்ளின் உலோகத்தில் விரல் படாமல் அளங்கள். பழக்கம் இல்லை என்றால் லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு, இதே மூன்று இடத்தில் லோடோடு அளக்கச் சொல்லுங்கள்.

உங்கள் 40 மீட்டர் வயர் எத்தனை ஸ்கொயர் எம்எம் (உள்ளே இருக்கிற கம்பியின் பருமன்) என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரணமாக எல்லோரும் வாங்குவது 1.5. நல்ல செம்பு ஃப்ளெக்ஸிபிள் வயராக இருந்தாலும் போக 40, வர 40 என்று 80 மீட்டருக்கு அதன் தடை ஒரு ஓமுக்குச் சற்று மேலே வரும். ஓடுகிற ஏசி ஐந்து ஆம்பியர் இழுத்தால் ஐந்து வோல்ட் குறையும், அது பரவாயில்லை. இன்வெர்டர் வகை இல்லாத பழைய ஏசி கம்ப்ரசர் கிளம்புகிற அந்த நொடியில் 25 ஆம்பியர் வரை கேட்கும். அப்போது 26 வோல்ட் வயரிலேயே போய்விடும். தோப்பில் ராத்திரி 205 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏசிக்குக் கிடைப்பது 180-க்கும் கீழே. கிளம்ப முடியாமல் முனகி நின்றுவிடும். 4 ஸ்கொயர் எம்எம் வயரில் அதே நேரத்தில் பத்து வோல்ட்தான் போகும். இந்தத் தூரத்துக்கு 4-க்குக் கீழே வாங்காதீர்கள். சுருட்டி வைத்தபடி ஓட்டவும் கூடாது. சுருளின் நடுவில் சூடு வெளியேற வழியில்லாமல் மேலுறை இளகிவிடும்.

ஜாயிண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்ததில் பாதிக்கு மேல் அங்கேதான். இரண்டு கோடைக்கு முன்பு வாடிப்பட்டி பக்கம் ஒரு தென்னந்தோப்பில் உங்களுடையது போலவே ஒரு வண்டி. புது பேட்டரி போட்டாயிற்று, புது சார்ஜரும் போட்டாயிற்று, கரண்ட் மட்டும் நிலைக்கவில்லை. “அண்ணே, டெஸ்டர் எரியுதுண்ணே, ஏசிதான் ஓட மாட்டேங்குது” என்று அந்தப் பையன் பாவமாக நின்றான். மோட்டார் ரூம் கதவைத் திறந்ததும் கருவாட்டு வாடை. எலி செத்துக் கிடக்கிறதோ என்று தேடினான். சுவிட்சு, பிளக் செய்கிற சில வகைப் பிளாஸ்டிக் சூடேறினால் அந்த வாடைதான் அடிக்கும். போர்டில் பழைய அலுமினிய வயர் வந்திருந்தது. அதன் முனையில் இவன் செம்பு வயரை முறுக்கி, டேப்பைச் சுற்றியிருந்தான். மெயினை இறக்கிவிட்டு டேப்பைப் பிரித்தபோது அது கையோடு பிசினாக வந்தது, உள்ளே அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாக முறுக்கினால் ஈரம் பட்டு அரிக்கும். சூட்டில் இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கி பிடி விட்டுப்போகும். அதற்கென்று இரண்டு உலோகத்துக்கும் பொருந்துகிற லக்கும் கனெக்டரும் கடையில் கிடைக்கின்றன. அன்றைக்கு ஆன செலவு முந்நூறு ரூபாய்கூட இல்லை.

லூஸ் ஜாயிண்டின் ஆபத்து கரண்ட் போவதோடு முடிவதில்லை. அரை ஓம் தடை உள்ள ஒரு பிளக்கில் 13 ஆம்பியர் போனால் ஆறரை வோல்ட்தான் குறையும். ஏசியும் கீசரும் ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பிளக்கின் உலோகப் பின்னுக்குள் 84 வாட் சூடு கிளம்பிக்கொண்டிருக்கும். சால்டரிங் இரும்பைப் பற்றவைத்துச் சுவரில் செருகின மாதிரி. எம்சிபி இதற்கு விழாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. எனவே அரை மணி நேரம் லோடு ஓடிய பிறகு மெயினை இறக்கிவிட்டு, வயரின் இரண்டு முனைப் பிளக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. தொட்டு வைத்திருக்க முடியவில்லை என்றாலோ, உலோகப் பின் பழுப்பேறி இருந்தாலோ பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கருகின பழையது புதியதையும் கெடுத்துவிடும். வெளியில் மாட்டுவதற்கு நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக், மூடியோடு வருவது, நல்லது. வண்டிக்குள் உள்ள டெர்மினல் ஸ்க்ரூவையும் வருடத்துக்கு ஒரு தரம் முறுக்கிப் பாருங்கள். நத்தம் ரோட்டில் பத்து தடவை போய்வந்தால் எந்த ஸ்க்ரூவும் இளகும்.

இப்போது எனக்கு நிஜமாகவே கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். பம்ப்செட் மோட்டாருக்கு மூன்று பேஸ் போதும், நியூட்ரல் தேவையில்லை. அதனால் மோட்டார் ரூமில் நியூட்ரலை யாரும் கவனிப்பதில்லை. சில இடங்களில் நியூட்ரலே போர்டுக்கு இழுத்திருக்க மாட்டார்கள். ரூமில் ஒரு பல்பு எரிய வேண்டும் என்று பேஸுக்கும் எர்த் குழியில் இறங்குகிற கம்பிக்கும் நடுவில் ஹோல்டரை மாட்டியிருப்பார்கள். பல்பு எரியும். நீங்கள் அதையே நியூட்ரல் என்று நம்பி ஏசியை மாட்டினால், சித்திரை வெயிலில் காய்ந்துபோன எர்த் குழியின் தடை முழுக்க உங்கள் லைனில் உட்கார்ந்துகொள்ளும். குழியின் தடை ஐந்து ஓம் என்றால் 13 ஆம்பியருக்கு 65 வோல்ட் அங்கேயே போய்விடும். அதைவிட மோசம், உங்கள் வண்டியின் எர்த் வயரும் அதே கம்பியில்தான் இருக்கும். அப்போது அந்த 65 வோல்ட் வண்டியின் உடம்பில் ஏறி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைப் பிடிக்கிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். உங்கள் தோப்பில் இப்படித்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று பார்க்காமல் இன்னொரு ராத்திரி அங்கே தூங்க வேண்டாம் என்கிறேன். நியூட்ரல் உண்மையில் கம்பத்திலிருந்து வருகிறதா என்று கண்ணால் வயரைத் தொடர்ந்து பாருங்கள்.

நியூட்ரல் நிஜமாகவே இருந்து அது நடுவில் அறுந்தாலும் மூன்று பேஸ் போர்டில் வேறொரு விபரீதம் உண்டு. ஒரு பேஸில் உங்கள் வண்டி, இன்னொரு பேஸில் தோப்பு வீட்டு சாமான்கள் என்று இருந்தால், பொது நியூட்ரல் அறுந்த அந்த நொடியில் இரண்டும் வரிசையாகச் சேர்ந்து சுமார் 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவாக இருக்கிற பக்கம் 300-ஐத் தாண்டும், டிவி, சார்ஜர், எல்இடி எல்லாம் ஒரே நேரத்தில் போகும். கரண்ட் போவதற்கு முன்பு லைட்டோ ஃபேனோ திடீரென்று வேகமெடுத்தது என்று தோப்பு வீட்டில் யாராவது சொன்னால், உடனே மெயினை இறக்கச் சொல்லுங்கள். கம்பத்துப் பக்கம் கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ ஏறக் கூடாது. கூடவே ஒன்று: விவசாய இலவச கனெக்‌ஷன் பாசனத்துக்குக் கொடுத்தது. அதில் கேரவன் ஏசி ஓட்டினால் அபராதம் உங்கள் மாமா பேருக்குத்தான் வரும். தோப்பு வீட்டு கனெக்‌ஷன் இருந்தால் அதிலிருந்து எடுங்கள்.

சரி, அந்த ஆர்சிசிபி. அதை முதல் வேலையாகத் திரும்பப் போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்பது பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வரவில்லை, வேறு வழியில் தரைக்கு ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து அறுக்கிற சாமான். மனிதர் உயிரைக் காப்பாற்றுவதற்காகவே வைத்த அளவு அது. உங்கள் வண்டி உலோக உடம்பு, ரப்பர் டயரில் நிற்கிறது. தரையோடு அதற்குத் தொடர்பு அந்த எர்த் வயர் ஒன்றுதான். அது அறுந்து ஏதாவது ஒழுகினால் வண்டி முழுக்க பேஸ். அடிக்கடி விழுந்தது என்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. எல்லா சாமானையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நிற்கிறதா? அப்புறம் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் கீசர் காயிலாக இருக்கும். எம்சிபியை மட்டும் இறக்கிச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள், ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் வழியாக ஒழுகுவது அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் விழுகிறது என்றால் வயரிலோ, ஈரம் புகுந்த சாக்கெட்டிலோ, எறும்பு கூடு கட்டிய ரிலேயிலோ தேட வேண்டும். எந்த சாமானை மாட்டினாலும் விழுகிறது என்றால் வண்டிக்குள் எங்கேயோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அமெரிக்கக்காரர் வீடியோ பார்த்து ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தேன் என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த வீடியோவை வைத்து வயரைத் தொடாதீர்கள். அங்கே இப்படிப்பட்ட வண்டிக்குப் பெரும்பாலும் கொடுப்பது 120 வோல்ட், 30 ஆம்பியர். அங்கே கறுப்பு வயர் பேஸ், வெள்ளை நியூட்ரல். நம்ம ஊர் பழைய வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்புதான் நியூட்ரல், பச்சை எர்த். வெளிநாட்டுச் சாமானோடு வருகிற வயரில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். நீலம் ஒரு இடத்தில் பேஸ், இன்னொரு இடத்தில் நியூட்ரல் என்று ஆகிவிட்டது. நிறத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு தடவையும் அளந்தே முடிவு செய்யுங்கள். அவர்கள் 12 வோல்ட்டிலும் வெள்ளையை நெகட்டிவ்வாக வைப்பார்கள், நம்ம வண்டிகளில் கறுப்பு நெகட்டிவ்.

பேட்டரியைக் கடைசியில் பாருங்கள். 230 சரியான பிறகு ஒரு முழு நாள் சார்ஜ் ஏற்றி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சில மணி நேரம் சும்மா விட்டு அளங்கள். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி 12.6-க்கு மேலே நின்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.9-க்குக் கீழே என்றால் காலி. முழுதாக ஏற்றியும் 12.2-ஐத் தாண்டவில்லை, அல்லது ரெண்டு லைட் போட்டதும் சரசரவென்று இறங்குகிறது என்றால் கடைக்காரர் சொன்னது சரி, மாற்றிவிடுங்கள். அடி வரை காலியாகி நாள்கணக்கில் கிடந்த லெட் ஆசிட் பேட்டரி நிஜமாகவே கெட்டுப்போகும்; அதனால் இதைத் தள்ளிப்போடாமல் சீக்கிரம் ஏற்றுங்கள். லித்தியம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அது கடைசி வரை 13 வோல்ட் பக்கம் நின்றுவிட்டு, உள்ளே இருக்கிற பாதுகாப்பு போர்டு பட்டென்று வெட்டிவிடும். உங்களுடையது மங்கி மங்கி அணைந்தது என்கிறீர்கள், எனவே லெட் ஆசிட் என்றுதான் நினைக்கிறேன்.

சார்ஜர் வேலை செய்கிறதா என்பதற்கு ஒரே நிமிடம் போதும். அது ஓடும்போது பேட்டரி முனையில் 13.5-இலிருந்து 14.4-க்குள் ஏதாவது காட்ட வேண்டும். காலியான பேட்டரி என்றால் முதலில் குறைவாகக் காட்டி மெதுவாக ஏறும். ஏறவே இல்லை, 12-இலேயே நிற்கிறது என்றால் சார்ஜரை மாற்றும் முன்பு பேட்டரி பக்கத்து ஃபியூஸையும் நெகட்டிவ் கேபிள் சேசிஸில் கடிக்கிற இடத்தையும் பாருங்கள். துருவைச் சுரண்டி, வாஷர் போட்டு முறுக்கினாலே பல வண்டிகள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

முதலில் ஆர்சிசிபி, பிறகு நியூட்ரல் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்ப்பது, அதற்கப்புறம் இஸ்திரிப் பெட்டியோடு மூன்று இடத்தில் வோல்ட். அந்த மூன்று எண்ணையும், வயர் எத்தனை ஸ்கொயர் எம்எம் என்பதையும், டெஸ்டர் ஒரு ஓட்டையில் எரிந்ததா இரண்டிலுமா என்பதையும் இங்கேயே எழுதுங்கள்.